களஞ்சியமும் வண்டும்: சுருட்டைக் காத்தவர்கள் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

யாழ்ப்பாணத்துப் புகையிலையைப் பற்றி எமது ஆய்வாளர்கள் எழுதவில்லை என்று சொல்லமுடியாது. ஒல்லாந்தர் காலத்தில் அது மலையாளக் கரைக்குக் கப்பலேறியது, திருவிதாங்கூர் அரசு அதன் விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது, பிற்காலத்தில் சுருட்டாக மாறித் தென்னிலங்கைச் சந்திகள்தோறும் விற்கப்பட்டது, 1958இலும் 1977இலும் 1983இலும் அந்தச் சந்திகளிலிருந்த தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன ஆகிய எல்லாம் எங்கெங்கோ பதிவாகியுள்ளன. பயிரிட்டவர், வாங்கியவர், விற்றவர், வரி அறவிட்டவர் எல்லோருக்கும் இந்த வரலாற்றில் ஓரிடம் கிடைத்திருக்கிறது. வெட்டியதற்கும் விற்றதற்கும் இடையில் புகையிலை மாதக்கணக்காகக் கிடந்த இருட்டறைக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

விளைந்த ஒன்றைக் கெடாமல் வைத்திருப்பதும் உழைப்புத்தான். அதற்கும் அறிவு வேண்டும், ஆள் வேண்டும், செலவு வேண்டும். ஆயினும் உற்பத்தி, பரிவர்த்தனை, நுகர்வு என்று பொருளியல் வரலாற்றைப் பிரித்து எழுதப் பழகிய நாம், 'வைத்திருத்தல்' என்ற ஒன்றை வெறும் இடைவேளையாகவே கடந்து போகிறோம். இக்கட்டுரை அந்த இடைவேளையைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், சேமித்து வைத்த சுருட்டைத் துளைத்துச் செல்லும் ஒரு சிறு வண்டையும், அதைத் தடுக்க வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வர்க்கத்தவர் கையாண்ட வழிகளையும் பற்றியது. யாருடைய அறிவு நூலாகியது, யாருடைய அறிவு அவர்களோடேயே போய்க்கொண்டிருக்கிறது என்ற கேள்வியே என்னை இதற்குள் இழுத்து வந்தது.

1

வண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடவேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம், செம்பழுப்பு நிறம், தலையைக் கீழே மடித்துக் கூனிக்கொண்டு இருக்கும். விலங்கியலில் இதன் பெயர் லாசியோடேர்மா செறிகோர்னே. வாளின் பல்லைப்போன்ற உணர்கொம்புகளை வைத்து இதன் பிற்பாதிப் பெயர் வந்தது. 1792இல் பப்ரீசியஸ் என்ற டென்மார்க்கு விலங்கியலாளர் இதை முதலில் விவரித்தார். தமிழில் புகையிலை வண்டு என்றும் சுருட்டு வண்டு என்றும் சொல்லலாம். பெயர்தான் புகையிலை வண்டே தவிர, மல்லி, மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி, மருந்துச் சரக்கு எல்லாவற்றையும் அது தின்னும். எமது குசினிகளில் நெடுநாள் கிடந்த தூள் டப்பாவைத் திறந்தவர்கள் அதை அறிவார்கள்.

இன்னொரு சங்கதி வரலாற்றாளருக்குச் சுவையானது. துட்டன்காமுனின் கல்லறையில் வைக்கப்பட்டிருந்த பொருட்களுக்குள்ளும் இந்த வண்டு இருந்தது என 1930களின் தொடக்கத்தில் பூச்சியியலாளர் பதிவுசெய்தனர். அதாவது கொலம்பஸ் 1492இல் புறப்படுவதற்கு ஈராயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இது பழைய உலகின் களஞ்சியங்களில் வாழ்ந்திருக்கிறது. அமெரிக்கச் செடியான புகையிலை இதற்குப் பிற்காலத்தில் கிடைத்த விருந்து. அந்த விருந்தைக் கண்டம் கண்டமாகக் கொண்டுபோய்ப் பரிமாறியது ஐரோப்பிய வணிகம். ஆகவே புகையிலையோடு கூடவே பிறந்த சாபமாக இதைக் கருதுவதற்கில்லை; இது களஞ்சியத்தின் பிராணி. எங்கெல்லாம் மனிதர் உலர்ந்த பொருளைக் குவித்து வைத்தார்களோ, அங்கெல்லாம் இது வந்து சேர்ந்தது.

புகையிலையிலுள்ள நிக்கொட்டீன் பூச்சிகளுக்கு விஷம். புகையிலையை ஊறவைத்த நீரைத் தெளித்துப் பூச்சி விரட்டுவது எமது தோட்டக்காரருக்குத் தெரிந்த பழைய முறை. அந்த விஷத்துக்குள்ளேயே இந்த வண்டு குடியிருந்து பெருகுகிறது. இதன் குடலோடு ஒட்டிய உறுப்புகளுக்குள் ஒருவகை மதுவம் வாழ்கிறது. உணவில் இல்லாத சத்துக்களை அது வண்டுக்கு ஆக்கிக் கொடுக்கிறது. பல தாவர நஞ்சுகளைச் சிதைக்கவும் உதவுகிறது. தாய் முட்டையிடும்போது அதன் மேற்பரப்பில் மதுவத்தைப் பூசிவிடும். பொரிக்கும் புழு முட்டைக்கோதைத் தின்னும்போது அதைத் தனக்குள் பெற்றுக்கொள்ளும்.

ஒரு பெண்வண்டு நூறு முட்டைகள்வரை இடக்கூடும். சேதம் விளைவிப்பது பெரும்பாலும் புழுதான். அது சுருட்டின் உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டானபின் குண்டூசித் தலையளவான துளையொன்றைப் போட்டுக்கொண்டு வெளியே வரும். துளை தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். சுருட்டைத் தட்டினால் பழுப்புத்தூள் கொட்டும். பற்றவைத்தால் துளைவழியே காற்றுப் போய்விடும், இழுக்க வராது. நல்ல வெப்பமான களஞ்சியத்தில் முட்டையிலிருந்து வண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். வெப்பம் 20 பாகை அளவுக்கு இறங்கினால் நான்கு மாதம் பிடிக்கும். அதற்கும் இரண்டு மூன்று பாகை கீழே போனால் முட்டை பொரிக்காது.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. நல்ல சுருட்டுக்கு ஈரப்பதன் வேண்டும். நூற்றுக்கு எழுபது அளவில் ஈரம் இல்லாவிட்டால் மேலிலை வெடிக்கும், மணம் போகும். அதே எழுபதுதான் வண்டுக்கும் உகந்த ஈரம். உலர்த்திப் பாதுகாக்கும் வழி, தானியத்துக்கு உள்ளதுபோல், சுருட்டுக்கு இல்லை. சுருட்டைக் காக்கும் நிலையே வண்டையும் வளர்க்கிறது என்ற முரணைத் தீர்க்க எடுத்த முயற்சிகளே இதன் பிந்திய வரலாறு.

2

சுருட்டை உருட்டுபவருக்கும் புகைப்பவருக்கும் இடையே தூரமும் காலமும் நீளும்போதுதான் வண்டு ஒரு 'பிரச்சினை'யாகப் பெயர் பெறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது இதுவே. கியூபாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த இலையும் சுருட்டும் துறைமுகத்தில் கிடந்து, தொழிற்சாலையில் கிடந்து, மொத்த வியாபாரியிடம் கிடந்து, கடைசியில் சில்லறைக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதக்கணக்காகக் கிடந்தன. பெட்டியைத் திறந்த வாடிக்கையாளர் துளையைக் கண்டார். கடைக்காரர் பெட்டியைத் திருப்பி அனுப்பினார். நட்டம் முதலாளியின் கணக்கில் விழுந்ததும் அரசாங்கத்தின் விவசாயத் திணைக்களம் பூச்சியியலாளரை அனுப்பியது.

ஜி. ஏ. றன்னர் என்ற அந்தத் திணைக்கள ஆய்வாளர் 1916இல் எக்ஸ் கதிர்களை இவ்வண்டின்மீது செலுத்திப் பெற்ற முடிவுகளை வெளியிட்டார். 1919இல் புகையிலை வண்டைப் பற்றி விரிவான தனிநூலொன்றையும் எழுதினார். வண்டின் வாழ்க்கை வட்டம், வெப்பம், குளிர், வாயு, கதிர் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிய நூல் அது. போதிய அளவு கதிர்பட்ட முட்டைகள் பொரிக்கவில்லை; கதிர்பட்ட வண்டுகள் சாகாமல் இருந்தாலும் அவை இட்ட முட்டைகள் மலடாயின. கொல்வது ஒன்று, இனப்பெருக்கத்தை நிறுத்துவது வேறொன்று என்ற வேறுபாடு இதிலே தெளிவாயிற்று. 1950களில் கால்நடைகளைத் தாக்கும் ஈயைக் கரிபியன் தீவொன்றில் ஒழித்த மலட்டுப்பூச்சி முறைக்கு இது ஒரு முன்னோடி எனப் பின்னர் கணிக்கப்பட்டது.

1929இல் அமெரிக்கன் ரொபாக்கோ கொம்பனி இதற்காகவே எக்ஸ் கதிர் இயந்திரம் ஒன்றை நிறுவியது. பெட்டியில் அடைத்த சுருட்டு நகரும் பட்டியில் ஏறிக் கதிர்க்குழாய்களின் கீழ் ஊர்ந்து மறுபுறம் வந்தது. இன்று உணவுப்பொருட்களுக்குக் கதிரூட்டுவது பற்றி எழுதுவோர் அதன் தொடக்கமாக இந்தச் சுருட்டு இயந்திரத்தையே குறிப்பிடுகின்றனர். ஆனால் அக்காலத்துக் குழாய்கள் ஓயாத வேலையைத் தாங்கவில்லை. இயந்திரம் கைவிடப்பட்டு, நச்சுவாயு அதன் இடத்தைப் பிடித்தது.

3

நச்சுவாயுவின் வரலாறு நீண்டது, இனிமையானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காபன் இருசல்பைட் இருந்தது. வண்டைக் கொல்லும், சிறு பொறியில் தீப்பற்றிக் களஞ்சியத்தையும் கொளுத்திவிடும். பின்னர் ஐதரசன் சயனைட் வந்தது. 1880களில் கலிபோர்னியாவின் தோடை மரங்களைக் கூடாரத்தால் மூடி அதைச் செலுத்தினார்கள். பிறகு மாவாலை, கப்பல், புகையிலைக் களஞ்சியம் என்று அது பரவியது.

நான் வாழும் ஜேர்மனியில் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு கட்டத்தில் நிறுத்தவேண்டி வருகிறது. 1920களில் கப்பல்களிலும் ஆலைகளிலும் களஞ்சியங்களிலும் பூச்சி கொல்வதற்கென விற்கப்பட்ட சிக்லோன் பி என்பதும் இதே சயனைட் வாயுதான். 1941இலிருந்து அவுஸ்விட்சில் அது மனிதர்மீது பயன்பட்டது. அதை விநியோகித்த ஹம்பேர்க் நிறுவனத்தின் உரிமையாளருக்கும் அவரது உயர் அதிகாரிக்கும் 1946இல் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. மனிதரைப் பூச்சி என்று முதலில் பெயரிட்டுவிட்டால், பூச்சிக்கான தொழில்நுட்பம் ஆயத்தமாகக் காத்திருக்கும். 'களையெடுத்தல்' போன்ற விவசாயச் சொற்கள் எமது அரசியலுக்குள் எவ்வாறு நுழைந்தன என்று விவாதித்தவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

1932இல் பிரான்சில் மெதைல் புரோமைட் என்ற வாயுவின் பூச்சிகொல்லும் இயல்பு கண்டறியப்பட்டது. தீப்பற்றாது, ஆழமாக ஊடுருவும், மலிவு. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகக் களஞ்சியங்களை அது ஆண்டது. அதற்கு நிறமில்லை, குறைந்த அளவில் மணமும் இல்லை. மூடிய அறையைத் திறந்து முதலில் உள்ளே நுழையும் கூலியாளின் நரம்புகளை அது தாக்கக்கூடும். ஆனால் அது தடைசெய்யப்பட்டதற்கு வேறு காரணம். அது ஓசோன் படையைச் சிதைக்கிறது என்று கண்டபின் 1992இல் மொன்றியல் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்தார்கள். வளர்ச்சியடைந்த நாடுகள் 2005க்குள்ளும் ஏனைய நாடுகள் 2015க்குள்ளும் அதைக் கைவிடவேண்டும் என்று முடிவாகியது. துறைமுகத் தொற்றுத்தடைக் காவல் போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. கூலியாளின் நரம்பு சாதிக்காததை வானத்து ஓட்டை சாதித்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

எஞ்சியது பொஸ்பீன். அலுமினியம் பொஸ்பைட் வில்லைகளைச் சிப்பங்களிடையே வைத்து மூடிவிட்டால் காற்றின் ஈரம் பட்டு வாயு வெளியேறும். நாட்கணக்காக மூடியிருக்கவேண்டும். மூடிய கூரைவிரிப்பில் கிழிசல் இருந்தால் வாயு ஒழுகும். அரைகுறை அளவில் அடிபட்ட வண்டுகள் பிழைத்து, தாங்கும் சக்தியுள்ள சந்ததியைப் பெருக்கும். 1994இல் இந்திய ஆய்வாளர்கள் சேமித்த புகையிலையிலிருந்த வண்டுகளில் இந்தத் தாங்குசக்தியைப் பதிவுசெய்தனர். பிற நாடுகளிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. ஒவ்வொரு வாயுவும் 'இதோடு முடிந்தது' என்ற நம்பிக்கையோடு வந்தது. வண்டு இன்னும் இருக்கிறது.

4

இன்று உயர்விலைச் சுருட்டுக்குப் பெரிதும் கைகொடுப்பது குளிர். கியூபாச் சுருட்டுகள் 2000களின் நடுப்பகுதியிலிருந்து ஏற்றுமதிக்கு முன் உறையவைக்கப்படுகின்றன. தனியாள் செய்வதும் அதுவே. சுருட்டைக் காற்றுப்புகாத பையில் இட்டு, முதலில் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் ஒருநாள், பிறகு உறைநிலைக்குக் கீழ் 18 அல்லது 20 பாகையில் சில நாட்கள், மீண்டும் குளிர்ப்பெட்டியில் ஒருநாள், கடைசியில் அறை வெப்பம் என்று படிப்படியாகக் கொண்டுபோகவேண்டும். அவசரப்பட்டால் மேலிலை வெடிக்கும். முட்டையும் சாகவேண்டுமென்றால் குளிர் கட்டின் நடுப்பகுதிவரை போய்ச் சேரவேண்டும். ஆகவே பெரிய கட்டுக்குக் கூடுதல் நாள். சுருட்டுப் பெட்டிக்குப் பயன்படும் 'ஸ்பானியச் செடார்' என்னும் மகோகனிக் குடும்பத்து மரத்தின் வாசம் வண்டை விரட்டும் என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. ஏற்கெனவே சுருட்டுக்குள் இருக்கும் புழுவை அந்த வாசம் ஒன்றும் செய்யாது. பெட்டியை 18 பாகைக்கு மேலே போகவிடாமல் வைத்திருப்பது அதைவிடப் பயன் தரும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. பெண்வண்டு ஆணை அழைக்க வெளிவிடும் மணப்பொருளை 1979இல் யப்பானிய ஆய்வாளர்கள் இனங்கண்டனர். அதைத் தடவிய ஒட்டுப்பொறிகளைக் களஞ்சியத்தில் தொங்கவிட்டு, வாரந்தோறும் எத்தனை வண்டு ஒட்டியது என்று எண்ணுகிறார்கள். பொறி களஞ்சியத்தைச் சுத்தப்படுத்துவதில்லை. வண்டு எங்கே, எப்போது கூடுகிறது என்று சொல்கிறது. பிறகு அந்த மூலையைத் துப்புரவாக்கவேண்டும், கழிவிலையை அகற்றவேண்டும், பழைய சரக்கை முதலில் வெளியேற்றவேண்டும். நூறாண்டுக் கதிரும் நச்சும் கடந்து, இத்தொழில் வந்து நிற்கும் இடம் பார்த்தல், எண்ணுதல், கூட்டுதல் ஆகியவையே.

5

இனி யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். சுருட்டு எனும் எமது சொல்லே 'செரூட்' என்று ஆங்கிலத்துக்குள் போனது. 1887இல் வெளிவந்த முதலாவது ஷேர்லக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். சொல்லும் சாம்பலும் இப்படி உலகம் சுற்றியிருக்கின்றன. உருட்டியவரின் அறிவு சுற்றவில்லை.

எனது பெரியப்பா ஒரு சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தார். பெரிய முதலாளி அல்லர்; பத்துப் பன்னிரண்டு பேர் இருந்து சுற்றிய கொட்டில். அங்கே நான் கண்டவற்றில் வண்டு தொடர்பானவற்றை மட்டும் சொல்கிறேன். குடிலில் புகையூட்டிய இலைதான் வரும். சிப்பங்கள் நிலத்தில் படாமல் மரக்குற்றிகளின் மேல் பனையோலைப் பாய் விரித்து அடுக்கப்படும், சுவரிலும் முட்டாது. குறித்த நாளுக்கொருமுறை மேலது கீழாகவும் கீழது மேலாகவும் புரட்டுவார்கள். கை விட்டுப் பார்த்து எங்கே சூடு ஏறியிருக்கிறது என்று சொல்ல ஒருவர் இருந்தார். அந்தச் சிப்பம் உடனே அவிழ்க்கப்பட்டு வெயிலுக்குப் போகும். காம்பும் தூளும் அன்றன்றே கூட்டி அள்ளப்பட்டுத் தோட்டத்துக்குப் பசளையாகும். இரவில் கொட்டிலுக்குள் கழிவு கிடக்கக்கூடாது. பொழுதுபட்டதும் களஞ்சியத்தில் விளக்கு வைப்பதில்லை, வண்டு பறந்து வரும் என்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றிய சுருட்டு தங்குவதில்லை. கட்டி முடிந்த கையோடு தெற்கிலிருந்த கடைகளுக்குப் போய்விடும். அங்கேயும் அது இருப்பாகக் கிடப்பதில்லை. வாழைப்பழக் குலைக்குப் பக்கத்தில் தொங்கி ஒன்றிரண்டாக விற்றுத் தீரும்.

அமெரிக்க முதலாளிக்குத் தூரமும் காலமும் நீண்டதால் இயந்திரமும் நச்சும் தேவைப்பட்டன. இந்தக் கொட்டில் காலத்தைச் சுருக்கிக்கொண்டது. ஒரு மாதத்தில் வண்டாகும் முட்டைக்கு அந்த ஒரு மாதத்தைக் கொடுக்காமல் விடுவதே அதன் உத்தி. பூச்சியியல் நூல் எதுவும் படிக்காதவர்கள் பூச்சியின் நாட்காட்டியை அறிந்து வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்லும்போது ஊர்ப் பெருமையில் மயங்கிவிடக்கூடாது. வண்டு குத்திய இலையின் நட்டத்தை யார் தாங்கினார்கள் என்று கேட்டால் படம் மாறும். தோட்டக்காரரின் சிப்பத்தில் ஒரு துளை கண்டால் முழுச் சிப்பத்தின் விலையும் குறையும். சுற்றியவரின் எண்ணிக்கையிலிருந்து துளைச்சுருட்டு கழிக்கப்படும், அந்தத் துளைக்கு அவர் எவ்வகையிலும் பொறுப்பாளி இல்லை என்றாலும். காம்பு வாரிய பெண்களும் சிறுவர்களும் நாள் முழுவதும் அந்தத் தூளைத்தான் சுவாசித்தார்கள். சூடு பார்த்துச் சொன்ன அந்தக் கைக்குக் கூலி மற்றவர்களுக்கு உள்ளதே. அவர் பெரியப்பாவின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. அவர் வந்த சாதி அப்படி. களஞ்சியத்தின் மிக நுட்பமான அறிவு, களஞ்சியத்துக்கு உரிமையில்லாத ஒருவரின் விரல்நுனியில் இருந்தது.

கொட்டிலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிக்க ஏனையோர் சுற்றுவார்கள். ஹவானாவில் 1865இல் எல் பிகாரோ தொழிற்சாலையில் தொடங்கிய வாசிப்பாளர் மரபை அறிந்த நண்பர்களுக்கு இது வியப்பாக இராது. கை வேலையில் இருக்க, காது ஓய்வாக இருக்கும் தொழில் இது. கொட்டிலின் இந்த வாசிப்பைப் பற்றி எமது இடதுசாரித் தோழர்கள் பெருமையோடு பேசுவார்கள், அது நியாயமே. ஆனால் வாசிக்கப்பட்டதைக் கேட்ட கொட்டில், தன் அறிவை எழுதிவைக்க யாரையும் பெறவில்லை. றன்னரின் நூல் 1919இலிருந்து நூலகங்களில் இருக்கிறது. பெரியப்பாவின் கொட்டிலில் சூடு பார்த்தவரின் பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை. அறிவின் தரத்தை வைத்து வந்த வேறுபாடு இதுவல்ல. நட்டம் யாருடைய கணக்கில் விழுந்ததோ அவருக்காக அரசு எழுதியது.

6

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பெரியப்பாவின் கொட்டிலில் சிப்பங்கள் இருந்தன. போர் மீண்டும் தொடங்கிய 1990இலிருந்தே தெற்கோடு வியாபாரம் முன்போல் இல்லாததால் இலை வழக்கத்தைவிட அதிகம் தேங்கியிருந்தது. ஓடியவர்கள் சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியாது. மாரிமழை முடிந்து, பனி முடிந்து, சித்திரை வெயில் ஏறியபின் 1996இல் குடும்பத்தார் திரும்பிப் போனார்கள். கொட்டிலின் கூரை பாதி இருந்தது. குண்டு படவில்லை, களவு போகவில்லை. சிப்பங்கள் அடுக்கியபடியே இருந்தன. கயிற்றை அவிழ்த்தபோது இலையின் வடிவம் மட்டும் இருந்தது. தொட்டால் மாவாகக் கொட்டியது. மாமி எழுதிய கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லி, மிகுதியைக் கிணற்றைப் பற்றியும் பசுவைப் பற்றியும் எழுதியிருந்தா.

அந்த வரியைப் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தபின்தான் இந்த வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். சிப்பத்தை அழித்தது வண்டு. ஆனால் வண்டு முன்னரும் இருந்தது. ஆறு மாதம் இல்லாமற்போனது புரட்டிய கைகளும் கூட்டிய விளக்குமாறும் சூடு பார்த்த விரல்களுமே. இடப்பெயர்வின் இழப்புகளை நாம் கணக்கிடும்போது உயிர், வீடு, காணி, நகை என்று எழுதுகிறோம். அருகில் ஆள் இல்லாததால் தானாகவே அழிந்தவற்றுக்கு எமது கணக்கேட்டில் தலைப்பில்லை. நட்டஈட்டுப் படிவத்திலும் அதற்கு ஒரு நிரல் இல்லை.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன்: புகையிலை மனிதரைக் கொல்லும் பயிர், அதைக் காத்த அறிவு அழிந்தால் என்ன? பயிரைப் பற்றிய பாதியை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். எனது பெரியப்பாவே இருமி இருமித்தான் இறந்தார். ஆனால் அறிவு புகையிலையோடு நிற்பதில்லை. இதே வண்டும் இதன் நெருங்கிய உறவினங்களும் மல்லியைத் தின்னும், நூற்கட்டின் பசையைத் தின்னும், பனையோலை ஏட்டையும் துளைக்கும். 1887இல் கலித்தொகைப் பதிப்பின் முன்னுரையில் சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகள் கையிலேயே நொறுங்குவதைக் கண்டு வருந்தினார். சங்க இலக்கியத்தின் மீட்பைப் பற்றி எழுதும் நாம், அவற்றைத் தின்ற பூச்சியைப் பற்றியோ, தின்னாமல் தலைமுறை தலைமுறையாக வெயிலில் காட்டி, எண்ணெய் பூசி, புது ஓலையில் பெயர்த்தெழுதி வந்தவர்களைப் பற்றியோ ஒரு பந்திக்கு மேல் எழுதுவதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எழுதினோம், எழுதவேண்டியதுதான். ஓரிரவில் எரிவதற்கு எதிரி ஒருவன் தேவை. பத்தாண்டில் உளுத்துப்போவதற்குக் கவனிப்பார் இல்லாமை போதும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் சிற்றேடுகள், துண்டுப்பிரசுரங்கள், கடிதக்கட்டுகள் எல்லாம் நிலவறைகளில் கிடக்கின்றன. வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் நண்பர்கள் பலரை எனக்குத் தெரியும். ஐரோப்பியக் குளிர் காக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். சூடேற்றிய அறையில் ஐரோப்பியக் குளிர் இல்லை. சுருட்டு வரலாறு இங்கே தரும் பாடம் எளியது. ஒருமுறை செய்து முடித்துவிட்டுப் போகக்கூடிய பாதுகாப்பு இதுவரை எங்கும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆவணக்காப்பகம் அமைப்பது பற்றிய எமது திட்டங்களில் கட்டடத்துக்கும் கணினிக்கும் பணம் ஒதுக்கப்படுகிறது. வாரமொருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கும் ஒருவரின் கூலிக்கு ஒதுக்கப்படுவதில்லை. அந்த வரி வரவுசெலவில் இடம்பெறும்வரை நாம் சேகரிக்கிறோமே தவிரப் பாதுகாக்கவில்லை என்பதே என் வாதம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொட்டில்களில் வேலை செய்தவர்கள் சிலர் இன்னும் எங்களிடையே பாரிசிலும் ரொறன்ரோவிலும் பேர்லினிலும் ஊரிலும் இருக்கிறார்கள். பலருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவர்களிடம் இயக்கங்களைப் பற்றியும் கட்சிகளைப் பற்றியும் கேட்கிறோம். சிப்பத்தை எத்தனை நாளுக்கொருமுறை புரட்டினீர்கள், சூட்டை எப்படி அறிந்தீர்கள், குத்துப்பட்ட இலையை என்ன செய்தீர்கள், நட்டத்தை யார் தாங்கினார், அந்தக் கொட்டிலில் உங்களோடு இருந்தவர்களின் பெயர்கள் என்ன என்று கேட்டு எழுதுங்கள். கட்டுரையாக வேண்டாம், சொன்னபடியே இரண்டு பக்கம் போதும். பெரியப்பாவின் கொட்டிலில் சூடு பார்த்தவரின் பெயரை அறிய நானும் ஊருக்கு எழுதியிருக்கிறேன்.